இராவணன், சூரன், பொற்கொல்லன்: கொடியவரை வகுப்பில் எப்படிப் படிப்பிக்கிறது?

குரும்பை கேட்டது:

வணக்கம். தரம் 12 தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘இலக்கியத்தில் கொடியவர்’ என்று ஒரு சிறிய அலகு எடுக்க வேணும். ஆறு பாடவேளை இருக்கு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். வகுப்பில் 30 பேர். பாடத்திட்டத்துச் செய்யுளோடு நிற்காமல் இரண்டு மூன்று நூல்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பழக்குவதுதான் நோக்கம்.

எந்தப் பாத்திரத்தைக் கொடுத்தாலும் ஒரே விடை வருகுது: ‘ஆணவம் கொண்டவன், பிறர் சொல் கேளாதவன், ஈற்றில் அழிந்தான்.’ இராவணன் என்ற பெயரை வெட்டிப்போட்டு சூரபன்மன் என்று எழுதினாலும் விடையில் ஒரு சொல்லும் மாற்றத் தேவையில்லை. இதை எப்படி உடைக்கிறது? எந்தப் பகுதிகளை எடுக்கலாம்? கோரப்பல்லும் பெரிய உடம்புமாக வருகிற அரக்கரையும், சாதாரண மனிசராக வந்து கெடுதல் செய்கிறவரையும் ஒரே அலகில் வைக்கலாமோ? ஆங்கில இலக்கியமும் படிக்கிற பிள்ளைகள் சிலர் ஃபிராங்கன்ஸ்டைனைப் பற்றிக் கேட்கினம். அதைச் சேர்த்தால் குழம்புமோ?

வடலி எழுதியது:

ரீச்சர், பெயரை மாற்றினாலும் பிழைக்காத விடை வருவதற்குக் கேள்விதான் காரணம். ‘இராவணனின் பண்புகளை விளக்குக’ என்று கேட்டால் பண்புப் பட்டியல்தான் வரும். அதுக்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்கோ. அவன் திரும்பியிருக்கக்கூடிய இடம் எது? அந்த இடத்தில் அவனோடு பேசினது யார்? என்ன சொல்லை வைத்து அந்தப் பேச்சைத் தள்ளினான்? இந்த மூன்றுக்கும் இராவணனுக்கு எழுதிற விடையைச் சூரனுக்கு எழுதேலாது.

இராவணனுக்கு இப்படி மூன்று இடமாவது இருக்கு: கம்பராமாயணத்து ஆரணிய காண்டத்தில் மாரீசன், யுத்த காண்டத்து மந்திரப் படலத்தில் கும்பகர்ணன், பிறகு வீடணன். நேரம் குறைவென்றால் கும்பகர்ணனை மட்டும் எடுங்கோ. சபையில் அவன் சொல்வது இது:

‘ஆசில் பரதாரம் அவை அஞ்சிறை அடைப்பேம்;
மாசில் புகழ் காதலுறுவேம்; வளமை கூரப்
பேசுவது மானம்; இடை பேணுவது காமம்;
கூசுவது மானுடரை, நன்று நம கொற்றம்.’

பேசுவது மானம், பேணுவது காமம் என்ற மோதலைப் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவினம். அவர்களுக்குத் தப்பிப்போவது வினைமுற்று. ‘அடைப்பேம்’, ‘உறுவேம்’, ‘நம கொற்றம்’ எல்லாம் தன்மைப் பன்மை. மாற்றான் மனைவியைச் சிறை வைத்தவன் அண்ணன் ஒருவன்தான். தம்பியோ ‘நாங்கள் அடைத்தோம்’ என்ற பாங்கில் தன்னையும் அந்தக் குற்றத்துக்குள் வைத்துப் பேசுகிறான். பின்னால் களத்தில் வீடணன் வந்து அழைக்கும்போது ‘நீர்க்கோல வாழ்வை நச்சி, நெடிது நாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்’ என்று அவன் மறுப்பதன் வேர் இந்தப் பன்மை விகுதியில் இருக்கு. இலக்கணம் வேறு, இலக்கியம் வேறு என்று நினைக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு முழுப் பாடவேளையை இந்த ஒரு பாட்டுக்கே கொடுங்கோ.

சூரனுக்குக் கந்தபுராணத்தில் வேறு அமைப்பு. அவன் தொடங்கும் இடத்திலேயே இரண்டு பாதை கிடக்கு. அசுர காண்டத்தில் தகப்பன் காசிபன் ஒரு உபதேசம் செய்கிறான், தாய் மாயை இன்னொன்று செய்கிறாள். சூரனும் தம்பிமாரும் தாயின் வழியைப் பிடிக்கினம். பிறகு மகேந்திர காண்டத்து அமைச்சியற் படலத்தில், தேவரைச் சிறைவிடு என்று தம்பி சிங்கமுகன் சொல்கிறான். சூரன் அதைத் தள்ளப் பிடிக்கிற சொல் ‘பாலன்’. எதிரி ஒரு குழந்தைதானே என்ற எண்ணம். யுத்த காண்டத்தில் முருகனின் பேருருவம் கண்ட பிறகு அதே சொல் அவன் வாயாலேயே திரும்பி வருகுது:

‘கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னைப்
பாலன் என்று இருந்தேன் அந்நாள். பரிசு இவை உணர்ந்திலேன் யான்.’

பிள்ளைகள் ‘பாலன்’ என்ற சொல் வரும் இடங்களைப் பென்சிலால் வட்டம் போடட்டும். கொடியவனின் குருட்டுத்தனத்தை ஒரே சொல்லில் காட்டலாம். அந்தத் தெளிவு அவனிடம் நிலைக்கேல்லை, மறுபடி போருக்கு எழுகிறான் என்பதையும் விடாமல் சொல்லுங்கோ. அதை விட்டால் ‘சூரன் திருந்தினான்’ என்று எழுதிவிட்டு மாமரத்துக்குத் தாவிவிடுவினம்.

நம்மட பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கு. கந்தசட்டி முடிவில் சூரன் போர் பார்க்காத பிள்ளை யாழ்ப்பாணத்தில் குறைவு. யானைமுகம், சிங்கமுகம், பிறகு சூரன் முகம், மாமரம், சேவல், மயில் என்று கோயில் வீதியில் தலை மாறுகிற ஒழுங்கு அவர்களுக்குத் தெரியும். அந்த ஒழுங்கை முதல் பத்து நிமிடத்தில் பலகையில் எழுதிவிட்டு, ‘இதில் எது பாட்டில் இருக்கு, எது வீதியில் மட்டும் இருக்கு?’ என்று கேட்டால் வகுப்பு தானாக நூலுக்குள் போகும்.

உங்கட இரண்டாவது கேள்விக்கு: ஒரே அலகில் வைக்கலாம், வைக்கத்தான் வேணும். ஆனால் மனிசக் கொடியவரைக் கடைசியில் கொண்டுவாங்கோ. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் பொற்கொல்லனுக்குக் கோரப்பல் இல்லை, பத்துத் தலை இல்லை. கோவலனைப் பார்த்த காவலர் ‘இலக்கண முறைமையின் இருந்தோன், ஈங்கிவன் கொலைப்படு மகன் அலன்’ என்கினம். கதை தடம் மாறக்கூடிய இடம் இதுதான். அப்போது பொற்கொல்லன் செய்வதை இளங்கோ ஒரு சொல்லில் வைக்கிறார்: ‘அகநகைத்து’. முகத்தில் தெரியாத சிரிப்பு. பிறகு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடன், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையான எட்டையும் அடுக்கிப் பாடமே எடுக்கிறான். அவன் வாளைத் தொடவில்லை. வெட்டுவது ‘கல்லாக் களிமகன் ஒருவன்’. எட்டு வகை களவுநூல் தெரிந்தவன் பேசுகிறான், ஒன்றும் கற்காதவன் வெட்டுகிறான். இந்த இரண்டு பேரையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கோ.

சிவப்பு மை எழுதியது:

எழுத்துப் பக்கம் மட்டும் சொல்கிறேன். இந்தத் தலைப்பில் விடைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில உண்டு. அலகு தொடங்க முன்னமே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் பாதித் திருத்தம் மிச்சம்.

முதலாவது, கம்பனில் இல்லாததைக் கம்பன் தலையில் கட்டுவது. இலட்சுமணன் கோடு போட்டான் என்று எழுதுவார்கள். கம்பராமாயணத்தில் அந்தக் கோடு இல்லை. இராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்கினான் என்று எழுதுவார்கள். கம்பன் அப்படிப் பாடவில்லை, நிலத்தோடு பெயர்த்து எடுத்தான் என்றே பாடுகிறான். கையால் பற்றியதாகச் சொல்வது வான்மீகி. இந்த ஒரு வேறுபாடே ஒப்பீட்டுக் கட்டுரைக்குப் போதுமான பொருள். ‘கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்’ என்ற வரியையும் கம்பன் வாக்கு என்று மேற்கோள் காட்டுவார்கள். அது கம்பராமாயணத்தில் இல்லை. தொலைக்காட்சித் தொடரும் மேடைப் பேச்சும் பாடநூலும் பிள்ளையின் நினைவில் ஒன்றாகக் கலந்து கிடப்பதால்தான் இது நடக்கிறது. எந்த மேற்கோளுக்கும் பக்கத்தில் காண்டம், படலம் இரண்டையும் எழுதும் பழக்கம் வந்தால் இந்தப் பிழை தானாக நின்றுவிடும். தெரியாத இடத்தில் மேற்கோள் போடாமல் விடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ‘இன்று போய் நாளை வா’ என்பதை இராவணனின் முடிவு போல எழுதுவது. அது முதற்போரின் முடிவு. அதன் பிறகு கும்பகர்ணன், இந்திரசித்து என்று யுத்த காண்டத்தின் பெரும்பகுதி கிடக்கிறது. அடுத்து வரும் கும்பகர்ணன் வதைப் படலத்தின் தொடக்கப் பாட்டை அதோடு சேர்த்தே படிப்பியுங்கள்:

‘வாரணம் பொருத மார்பும் வரையினை எடுத்த தோளும்
நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்
தார்அணி மவுலி பத்தும் சங்கரன் கொடுத்த வாளும்
வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்.’

இதற்குச் சாதாரணமாக வரும் விடை, ‘இராவணன் எல்லாவற்றையும் இழந்தான் எனக் கவிஞர் அழகாகக் கூறுகிறார்’ என்பது. இதற்குப் புள்ளி போட இடமே இல்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: வாளைக் களத்தில் போடலாம், மகுடத்தையும் போடலாம். மார்பையும் தோளையும் நாவையும் எப்படிப் போடுவது? அவை அவன் உடம்போடுதானே திரும்பி வந்தன? அப்போதுதான் ‘பொருத’, ‘எடுத்த’, ‘உரைத்த’, ‘கொடுத்த’ என்ற பெயரெச்சங்கள் கண்ணில் படும். நான்கும் இறந்தகாலம். அவன் போட்டது உடம்பை அல்ல, அந்த உடம்பு செய்த காரியங்களின் பெருமையை. வீரத்துக்கு மட்டும் அடை எதுவும் இல்லாமல் ‘வீரமும்’ என்று தனியே கடைசியில் நிற்பதையும் யாராவது ஒரு பிள்ளை கவனிக்கும். அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம்.

பந்தி எழுதப் பழக்கும்போது 120 சொல் எல்லை வையுங்கள். முதல் வசனம் தன் கருத்து. அடுத்து ஒன்றரை வரிக்கு மேற்படாத மேற்கோள். அதன் பிறகு அந்த மேற்கோளிலிருந்து ஒரே ஒரு சொல்லைப் பிடித்து மூன்று வசனம். முழுப் பாட்டையும் எழுதிவிட்டுக் கீழே பொழிப்பு எழுதினால் திருப்பிக் கொடுங்கள். 30 கொப்பியையும் முழுக்கத் திருத்த வேண்டாம். அந்த மூன்று வசனத்தை மட்டும் பார்த்தால் ஒரு கொப்பிக்கு இரண்டு நிமிடம், ஒரு மணித்தியாலத்தில் முடியும்.

மஞ்சவண்ணா எழுதியது:

அரக்க உருவம் பற்றி ஒருவரும் தொடவில்லை, அதனால் அதை எழுதுகிறேன்.

முதலில் சூர்ப்பணகை. இந்தப் பாட்டைக் கட்டாயம் எடுங்கோ:

‘பஞ்சி ஒளிர் விஞ்சு குளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சம் நிமிர் சீறடியள் ஆகி
அஞ்சொல் இள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்.’

பொருள் சொல்ல முன்னம் இரண்டு தரம் சத்தமாக வாசிப்பியுங்கோ. ‘ஞ்ச’ என்ற ஓசை எட்டு இடத்தில் வரும், மஞ்ஞை வேறு. கொலுசுச் சத்தம் மாதிரிக் காதுக்கு இதமாகப் போய்க்கொண்டிருக்கும். பிறகு கடைசி அடியைக் கடதாசியால் மறைச்சுப்போட்டு, ‘இவள் யாராக இருக்கும்?’ என்று கேளுங்கோ. மூன்று அடிக்கும் அழகி என்றுதான் சொல்லுவினம். கடதாசியை மெல்ல விலக்கினால் வஞ்சி, நஞ்சம், வஞ்சம். ஒவ்வொரு எழுத்தாக மாறி, கொடி நஞ்சாகி, நஞ்சு வஞ்சமாகுது. ஓசை மாறவேயில்லை, பொருள் மட்டும் கவிழுது. ஆனால் கம்பன் இரண்டாம் அடியிலேயே துப்பு வைச்சிட்டான்: ‘சீறடியள் ஆகி’. இயல்பாகவே சிறிய அடி உடையவளென்றால் ‘ஆகி’ ஏன்? அந்த ‘ஆகி’யைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளை அதுக்குப் பிறகு எந்தப் பாட்டையும் மேலோட்டமாக வாசிக்காது.

அடுத்தது காரைக்கால் அம்மையார். ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பல் குழிவயிற்று’ என்று தொடங்கும் பதிகத்தில் ஒரு பெண்பேயின் உடம்பு உறுப்பு உறுப்பாக வருகுது: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த மயிர், நீண்ட பல். பெயரை மறைச்சு இந்த அடிகளை மட்டும் கொடுத்து, ‘இவள் நல்லவளோ கெட்டவளோ?’ என்று கேட்டால் 30 பேரும் கெட்டவள் என்பினம். பிறகு சொல்லுங்கோ, இதைப் பாடினவர் தன்னையே ‘காரைக்கால் பேய்’ என்று சொல்லிக்கொண்டவர், அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர் என்று. கோர உருவம் என்றால் தீமை என்ற கணக்கு அந்த இடத்திலேயே உடைஞ்சுபோகும். சூர்ப்பணகையின் அழகுக்கும் அம்மையாரின் கோரத்துக்கும் நடுவில் உங்கட முழு அலகும் அடங்கும். இந்த இரண்டையும் ஒரே பாடவேளையில் எடுங்கோ. இடைவெளி விட்டால் தாக்கம் குறையும்.

ஃபிராங்கன்ஸ்டைன் 1818இல் வந்த நாவல். சேர்த்தால் குழம்பாது, ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது உருவாக்கினவன்ர பெயர், உருவாக்கப்பட்ட உயிருக்கு நாவலில் பெயரே இல்லை. பிள்ளையள் மாறி எழுதுவினம், அதை முதலே தெளிவாக்குங்கோ. ஒப்பிட வேண்டியது யார் கதை சொல்கிறார் என்பதை. அங்கே வோல்ட்டன் தன் சகோதரிக்கு எழுதும் கடிதம், அதுக்குள் விக்டர் சொல்லும் கதை, அதுக்குள் அந்த உயிர் தன் வாயால் சொல்லும் கதை. ஒதுக்கப்பட்டவன் தானே பேசும்போது வாசகர் மனம் எப்படி மாறுது என்று பார்க்கலாம். அதே கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுவாங்கோ: பொற்கொல்லன் தன் கதையைத் தன் பக்கமிருந்து சொல்லும் இடம் சிலப்பதிகாரத்தில் எங்கே? தேடிப் பார்க்கட்டும்.

அண்ணாவியார் எழுதியது:

நம்மட ஊர்க் கதை ஒன்றும் இல்லாமல் இந்த அலகு முடியக்கூடாது. பூதத்தம்பி கதையில் வாற அந்திராசியைச் சேருங்கோ. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணம். வெற்றுக் கடதாசியில் பூதத்தம்பியின்ர கையெழுத்தை வாங்கி, அதில துரோகக் கடிதம் எழுதி, ஆட்சியாளரின் கையாலேயே அவனைக் கொல்லுவிக்கிறான். பொற்கொல்லனும் இவனும் ஒரே வகை. இருவரும் அதிகாரத்தின் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு விலகி நிற்கினம். ஒருவன் சிலம்பைக் காட்டுறான், மற்றவன் கையெழுத்தைக் காட்டுறான்.

நடிப்புப் பயிற்சி என்றால் முழுக் காட்சியும் வேண்டாம், நேரம் தின்னும். ஐந்து பேர் கொண்ட ஆறு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே வேலை: கொடியவனின் வரவு. கூத்தில் பாத்திரம் களரிக்கு வாற விதத்திலேயே அவன் யார் என்று சபைக்குத் தெரியும். கால் எப்படி வைப்பான், முதல் பார்வை யாரில் விழும், முதல் சொல் என்ன. ஒரு குழுவுக்கு இரண்டு நிமிடம். பேச்சு முழுக்கப் பாட்டு வரியாகவே இருக்கவேணும், சொந்த வசனம் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் சினிமா வில்லன் வந்துவிடுவான்: உரத்த சிரிப்பு, மீசை முறுக்கு. ‘அகநகைத்து’ என்பதைச் சிரிக்காமல் நடிச்சுக் காட்டச் சொன்னால் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று.

பட்டிமன்றம் வைக்கிற யோசனை இருந்தால் கடைசியில் வையுங்கோ. தொடக்கத்தில் வைத்தால் பிள்ளையள் கட்சி பிடிச்சிடுவினம், பிறகு கட்டுரையிலும் ஒரு பக்கத்தைத்தான் எழுதுவினம்.

வடலி மீண்டும் எழுதியது:

இரண்டு எச்சரிக்கை. பொற்கொல்லன் பகுதியை எடுக்கும் வகுப்பில் பத்தர் (பொற்கொல்லர்) குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கலாம். ஒருவனின் வஞ்சகத்தைத் தொழிலின் மேல் ஏற்றி ஒரு சொல்லும் பேசவேண்டாம், பிள்ளைகளையும் பேசவிடவேண்டாம். ‘பொய்த்தொழிற் கொல்லன்’ என்று வருவதைக்கூட அந்த ஒருவனைக் குறிக்கும் அடையாக விளக்குங்கோ. சூர்ப்பணகையின் மூக்கை அறுத்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டு, தண்டனை குற்றத்துக்கு அளவானதா என்று கேளுங்கோ. பெண்பிள்ளைகள் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருப்பினம்.

யாராவது ‘இராவணன் தமிழன், அவன் கெட்டவனே இல்லை’ என்று எழும்பினால் அடக்கவேண்டாம். அந்த வாசிப்புக்கும் ஒரு நூல் வரலாறு இருக்கு. புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946இல் வந்து, 1948இல் சென்னை மாகாண அரசால் தடை செய்யப்பட்டு, 1971இல்தான் தடை நீங்கியது. ஒரே பாத்திரத்தை இரண்டு கவிஞர் எதிரெதிராகப் பாடலாம் என்பதுக்கு அதைச் சான்றாகச் சொல்லுங்கோ. ஆனால் கம்பனைப் பற்றிய வினாவுக்குக் கம்பனிலிருந்துதான் விடை எழுதவேணும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கோ.

குரும்பை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்படி வைக்க நினைக்கிறேன்: முதல் பாடவேளை சூரன் போரும் ‘பாலனும்’, இரண்டாவது சூர்ப்பணகையும் அம்மையாரும், மூன்றாவது கும்பகர்ணன், நான்காவது ‘வெறுங்கையோடு’ பாட்டும் 120 சொல் பந்தியும், ஐந்தாவது பொற்கொல்லனும் அந்திராசியும், ஆறாவது வரவு நடிப்பு. ஃபிராங்கன்ஸ்டைனை எங்கே வைக்கிறது? செய்யுளைச் சீர் பிரித்துக் கொடுக்கிறதோ, மூலத்தில் உள்ளபடி கொடுக்கிறதோ?

மஞ்சவண்ணா எழுதியது:

ஐந்தாவதின் தொடக்கத்தில் வையுங்கோ, ‘யார் கதை சொல்கிறார்’ என்ற கேள்வியோடு பொற்கொல்லனுக்குள் நேரே போகலாம். செய்யுளைச் சந்தி பிரித்தே கொடுங்கோ, வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு. ஒரு ஏ4 தாளில் இரண்டு பாட்டு, வலப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு வெறும் ஓரம், பிள்ளையள் குறிப்பு எழுத. தாளில் பொழிப்பு அச்சிடவேண்டாம். அச்சிட்டால் பாட்டை ஒருவரும் பார்க்கமாட்டினம்.